அப்பாவும் பாடசாலைக்கு வரட்டும்

கோறளைப்பற்றில் ஏதாவது ஒரு பாடசாலையில் பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில் மண்டபத்துக்குள் எட்டிப் பாருங்கள். கதிரைகளில் இருப்பவர்கள் அனேகமாகப் பெண்களே. மடியில் ஒரு சின்னக் குழந்தை, கையில் மூத்த பிள்ளையின் முன்னேற்ற அறிக்கை, மனதில் அடுப்பில் ஏற்றாத மத்தியானச் சோறு. பின்வரிசையில் இரண்டு மூன்று ஆண்கள் இருப்பார்கள். அவர்களும் பெரும்பாலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் ஏதாவது பொறுப்பில் உள்ளவர்கள்தான். மற்றத் தகப்பன்மார் எங்கே? சிலர் ஆழ்கடலில். சிலர் மேசன் வேலைக்கு வெளியூரில். சிலர் கட்டாரிலோ சவூதியிலோ. இன்னும் சிலர் மனைவியைச் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கேற்றுக்கு வெளியே மர நிழலில் நின்று கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிலர் இல்லவே இல்லை.

பெண்களுக்கான சஞ்சிகையில் தகப்பன்மாரைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகியர் சிலர் நினைக்கக்கூடும். பிள்ளையின் படிப்பு என்ற பொறுப்பு முழுவதையும் இங்கே பெண்கள்தான் சுமக்கிறார்கள். கொப்பி, சப்பாத்து, ரியூசன் காசு, சிரமதானம், வாணி விழாவுக்கு அவலும் கடலையும் என்று எல்லாம் தாயின் தலையில். பிள்ளை சித்தியடைந்தால் "என்ட புள்ள" என்பவர், தவறினால் "உன்ட வளர்ப்பு" என்கிறார். இந்தச் சுமையில் ஒரு பங்கையாவது இறக்கிவைக்க வேண்டுமானால், அந்த மர நிழலில் நிற்கின்ற மனிதரைக் கேற்றைத் தாண்டி உள்ளே கொண்டுவர வேண்டும். பிள்ளைக்கும் அது தேவை.

அவர் ஏன் வெளியே நிற்கிறார்? பொறுப்பில்லாதவர் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். சிலருடைய விடயத்தில் அது உண்மையும்கூட. ஆனால் எங்கள் பகுதியைப் பொறுத்தவரையில் இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

இன்று ஆரம்பப் பிரிவில் படிக்கும் பிள்ளைகளின் தகப்பன்மாரில் பலர் எண்பதுகளில் பிறந்தவர்கள். 1990 ஜூனில் யுத்தம் மறுபடியும் மூண்டபோது இவர்கள் கைக்குழந்தைகளாகவோ முதலாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளாகவோ இருந்தார்கள். ஊர்கள் வெறுமையாகின. பாடசாலைகள் அகதி முகாம்களாகின. அந்த வருடம் செப்டெம்பர் 5ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து அதிக தூரமில்லாத வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் இராணுவத்தினரால் கூட்டிச் செல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அப்பா என்பவர் கையைப் பிடித்துக் கல்விக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர் அல்லர். ஒரு கல்விக்கூடத்திலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்.

அதற்குப் பின் வந்த வருடங்களிலும் ஆண்கள் வெளியில் நடமாடுவது ஆபத்தாகவே இருந்தது. சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு, தலையாட்டி. ஆகவே வெளி வேலைகளுக்குப் பெண்கள் முன்னே அனுப்பப்பட்டார்கள். முகாமில் விசாரிக்கப் போவது தாய், ஆஸ்பத்திரிக்குப் போவது தாய், நிவாரணத்துக்கு வரிசையில் நிற்பது தாய், பாடசாலைக்குப் போவதும் தாய். ஆயுதக் குழுக்கள் பிள்ளைகளைப் பிடித்துச் சென்ற காலத்தில் வகுப்பு முடியும்வரை பாடசாலை வாசலில் காத்திருந்து கூட்டிவந்தவர்களும் அனேகமாகத் தாய்மாரும் அம்மம்மாமாரும்தான். 2004 டிசெம்பர் சுனாமி கல்குடாவையும் பாசிக்குடாவையும் அடித்துச் சென்றது. 2006இன் இறுதியிலும் 2007இன் தொடக்கத்திலும் வாகரை மக்கள் உடுத்த உடையோடு வாழைச்சேனைப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு முறையும் பிள்ளையை எந்தப் பாடசாலையில் சேர்ப்பது என்று அலைந்தவள் பெண்தான். யுத்தம் 2009 மேயில் முடிந்தது. அன்று பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு இன்று வழக்கமாகிவிட்டது. சோதனைச் சாவடி போய்விட்டது, ஆனால் அவர் இன்னமும் வெளியேதான் நிற்கிறார்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை ஆண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாலாம் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவருக்குப் பாடசாலை என்றாலே உள்ளூர ஒரு கூச்சம். "எனக்கென்ன தெரியும், நீ போ" என்பது அலட்சியம் போலக் கேட்கும். பல வேளைகளில் அது வெட்கம். ஆசிரியை ஏதாவது படிவத்தை நீட்டி நிரப்பச் சொல்வாரோ என்ற பயம். மனைவி ஒன்பதாம் வகுப்புவரை படித்தவராக இருந்தால் அந்தக் கூச்சம் இன்னும் கூடும்.

தகப்பன் பாடசாலைக்கு வருவதால் பிள்ளைக்கு உண்மையில் என்ன நடக்கிறது? இதைப் பற்றி அமெரிக்கக் கல்வித் திணைக்களம் 1997இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. முந்திய வருடம் தொலைபேசி மூலம் எடுத்த கணக்கெடுப்பின் அடிப்படையில் எழுதப்பட்டது அது. அதில் அவர்கள் பார்த்தது நான்கே விடயங்கள். பொதுக் கூட்டத்துக்கு வந்தாரா, வகுப்பாசிரியரைச் சந்தித்தாரா, பிள்ளையின் விளையாட்டுப் போட்டி அல்லது விழாவுக்கு வந்தாரா, ஏதாவது தொண்டு வேலை செய்தாரா. ஒரு வருடத்தில் இந்த நான்கில் மூன்றைச் செய்தவரை அதிக ஈடுபாடு உள்ளவர் என்று கணக்கிட்டார்கள். அப்படிப்பட்ட தகப்பன்மாரின் பிள்ளைகளிடம் நல்ல புள்ளிகள் அதிகமாகவும், வகுப்பில் தங்குவது குறைவாகவும் காணப்பட்டன. வீட்டை விட்டுப் பிரிந்து வேறிடத்தில் வாழும் தகப்பன் வந்துபோனாலும் பிள்ளையிடம் நன்மை தெரிந்தது.

அந்த அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தாயும் தகப்பனும் சேர்ந்து வாழும் குடும்பங்களில் இவ்வாறு அதிக ஈடுபாடு காட்டிய தாய்மார் 56 வீதம், தகப்பன்மார் 27 வீதம் மட்டுமே. ஆனால் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தகப்பன்மாரில் 46 வீதத்தினர் அப்படி இருந்தார்கள். தனித்து வாழும் தாய்மாரின் 49 வீதத்துக்கு அது மிகவும் கிட்ட வருகிறது. அதாவது, செய்வதற்கு வேறு ஆள் இல்லையென்றால் ஆண்களும் செய்கிறார்கள். முடியாமல் அல்ல, தேவை ஏற்படாததால்தான் அவர்கள் வருவதில்லை என்று விளங்குகிறது.

இதற்கு அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. மனைவி வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போன வீடுகள் எங்கள் பகுதியில் எத்தனை! அந்த வீடுகளில் அம்மம்மா இல்லையென்றால் தகப்பனே தலை பின்னிவிடுகிறார், ரிபன் கட்டுகிறார், சாப்பாடு கட்டிக் கொடுக்கிறார். அவரைப் பார்த்து ஊர் பரிதாபப்படுகிறது, சில வேளை பகிடியும் பண்ணுகிறது. பாராட்டுவது குறைவு. அரசாங்கமும் அப்படித்தான். 2013இல் வெளிநாடு செல்லும் பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கும் நடைமுறை வந்தது. வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா, யார் பார்ப்பார் என்று பெண்ணிடம்தான் கேட்டார்கள். விமானம் ஏறும் தகப்பனிடம் அந்தக் கேள்வியை எவரும் கேட்கவில்லை.

சரி, எப்படி உள்ளே கொண்டுவருவது? கூட்டத்துக்கு வாருங்கள் என்று துண்டு அனுப்பினால் வரமாட்டார். அங்கே போய் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவதைப் பெரும்பாலான ஆண்கள் வேலையாக எண்ணுவதில்லை. கையால் செய்கிற ஒரு காரியத்தைக் கொடுத்தால் நிலைமை வேறு.

இல்ல விளையாட்டுப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டி நெருங்கினால் பாடசாலை முழுவதும் ஒரே ஆரவாரம். இல்லத்துக்கு இல்லம் போட்டி போட்டு அலங்காரம் செய்வார்கள். காட்டுக் கம்பு வெட்டிவர வேண்டும், பந்தல் போட வேண்டும், தென்னோலை பின்ன வேண்டும், குருத்தோலையில் தோரணம் கட்ட வேண்டும், மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு இழுக்க வேண்டும். இதில் எந்த வேலைக்கு எழுத்தறிவு தேவை? இவை எல்லாம் வாழைச்சேனைத் தகப்பன்மாருக்குக் கைவந்த கலை. கடற்கரையில் வாடி கட்டியவருக்கு இல்லத்துக்குப் பந்தல் போடுவது ஒரு பொருட்டே அல்ல. நேர்கோடு பிடிப்பதில் மேசனை மிஞ்ச எந்த ஆசிரியரால் முடியும்? கயிற்றில் முடிச்சுப் போடுவதைக் கடற்தொழிலாளிக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. போட்டிக்கு முதல் நாள் பின்னேரம் மைதானத்தில், தன் அப்பா ஏணியில் ஏறித் தோரணம் கட்டுவதைக் கீழே நின்று பார்க்கும் பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள். "அது எங்கட அப்பா" என்று பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லும். அன்று அந்தத் தகப்பனுக்கும் பாடசாலை மீது ஓர் உரிமை வந்துவிடுகிறது. அடுத்த முறை வகுப்பாசிரியையைக் கண்டால் ஒதுங்கிப் போகமாட்டார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருக்கிறது. வேலை முடிந்ததும் ஆண்கள் தங்களுக்குள் ஒரு கூட்டமாகிவிடுவார்கள். பிள்ளை தனியே ஓர் ஓரத்தில் நிற்கும். சில இடங்களில் அந்தக் கூட்டம் போத்தலில் போய் முடிவதும் உண்டு. ஆகவே பிள்ளையையும் சேர்த்தே வேலையைக் கொடுக்குமாறு ஆசிரியர்களிடம் கேளுங்கள். அப்பா கம்பு நட, பிள்ளை கயிறு பிடிக்கட்டும். அப்பா கோடு இழுக்க, பிள்ளை சுண்ணாம்பு வாளி தூக்கட்டும். பிள்ளைக்குத் தன் தகப்பனோடு சேர்ந்து செய்த ஒரு வேலையாவது நினைவில் நிற்கும்.

யுத்தத்தில் கால் இழந்தவர், கை இழந்தவர், உடம்பில் இன்னமும் செல் துண்டைச் சுமப்பவர் எங்கள் மத்தியில் நிறைய உண்டு. பெற்றோருக்கான கயிறிழுத்தலுக்கு அவர்களை அழைத்தால் அது மனதைப் புண்படுத்தும். நேரம் பார்ப்பது, புள்ளிப் பலகையில் எண் மாற்றுவது, தண்ணீர்ப் பந்தலைக் கவனிப்பது போன்றவற்றைக் கொடுக்கலாம். தன் அப்பாவின் ஊன்றுகோலைப் பற்றிப் பகிடி பண்ணிய பிள்ளைகள், அவரிடம் வந்து "எங்கட இல்லத்துக்கு எத்தனை புள்ளி அங்கிள்?" என்று கேட்கும்போது, அந்த மகளின் தலை நிமிரும்.

விளையாட்டுப் போட்டி வருடத்தில் ஒரு முறைதான். வகுப்பறைக்குள்ளும் தகப்பனுக்கு இடம் உண்டு. ஆரம்பப் பிரிவில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஒரு பாடம் இருக்கிறது. வீடு, தொழில், நீர், காற்று, மரம், விலங்கு என்று பிள்ளையைச் சுற்றியுள்ளவையே அதில் வருகின்றன. வாடைக் காற்று எந்தத் திசையிலிருந்து வரும், கச்சான் அடித்தால் கடல் எப்படி இருக்கும், கொண்டலுக்கும் சோளகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு கடற்தொழிலாளி கால் மணித்தியாலம் சொன்னால் அந்த வகுப்புப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். வலையின் கண்ணை விரலால் அளந்து காட்டினால் அது கணிதம். எந்த மீனுக்கு எந்த வலை என்பது விஞ்ஞானம். காகிதத் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பப்பா ஒருவர் ஊரில் இருந்தால், வைக்கோல் எப்படித் தாளாகியது என்று அவர் வந்து சொல்லலாம். நாலாம் வகுப்போடு நின்றவர் ஒரு வகுப்பறையில் ஆசிரியரின் இடத்தில் நின்று பேசிவிட்டு வந்தால், அன்று இரவு வீட்டில் அவருடைய நடையே வேறாக இருக்கும். பேசக் கூச்சப்பட்டால் வலையோடு வந்து பொத்தல் பின்னிக் காட்டினாலே போதும். கேள்விகளைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

நேரம் ஒரு பெரிய பிரச்சினை. பெற்றோர் கூட்டங்கள் பெரும்பாலும் வேலை நாட்களில், காலை நேரத்தில் வைக்கப்படுகின்றன. ஆற்றில் வலை போட்டவர் அப்போதுதான் கரைக்கு வந்து மீன் விற்றுக்கொண்டிருப்பார். கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் நின்றால் அன்றைய சம்பளம் இல்லை. ஒரு முறையாவது போயா நாளிலோ, ஞாயிறு பின்னேரத்திலோ, மாரியில் கடல் கொந்தளித்துப் படகுகள் கரையில் கிடக்கும் நாட்களிலோ கூட்டத்தை வைத்துப் பார்த்தால் என்ன? இதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. பிள்ளை படிக்கும் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோரும் அங்கத்தவர்கள். பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று இதை ஒரு பிரேரணையாகச் சொல்லுங்கள். கதிரைகளில் இருப்பவர்கள் பெண்கள்தானே, பெரும்பான்மையும் உங்களுடையதே.

ஆண் பிள்ளைகள் விடயத்தில் இது இன்னும் அவசரமானது. பதின்மூன்று பதினாலு வயதில் மகன் படிப்பை விட்டுத் தகப்பனோடு தோணியில் ஏறுவது எங்கள் கரையோரக் கிராமங்களில் புதிதல்ல. கட்டாயக் கல்விக்கான வயது 2016இல் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தப்பட்டது. ஆனால் சட்டம் கரைக்கு வந்து தோணியைப் பிடித்து நிறுத்துவதில்லை. மகனைக் கடலுக்குக் கூட்டிப் போவதா, பாடசாலைக்கு அனுப்புவதா என்று தீர்மானிப்பவர் அனேகமாகத் தகப்பன். அவருடைய கண்ணில் பாடசாலை என்பது மனைவி போய்வருகிற ஓர் இடம் மட்டும் என்றால், காசுத் தட்டுப்பாடு வந்ததும் அது முதலில் வெட்டப்படும். தானே பந்தல் போட்ட இடம், தன்னைப் பெயர் சொல்லி அழைத்த அதிபர் இருக்கும் இடம் என்றால், கொஞ்சம் யோசிப்பார்.

இவ்வளவு எழுதும்போது மனதை நெருடும் ஒன்று இருக்கிறது. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு வீட்டில் அவர் இல்லை. வடக்கு கிழக்கில் 89,000 யுத்த விதவைகள் இருப்பதாகவும் அவர்களில் 49,000 பேர் கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்தவர்கள் எனவும் 2010இல் அரசாங்கத்தின் சார்பில் சொல்லப்பட்டது. காணாமல் ஆக்கப்பட்டவரை எதிர்பார்த்து விதவை என்ற சொல்லையே ஏற்காத பெண்களும் இருக்கிறார்கள். விட்டுவிட்டுப் போனவரின் மனைவியரும் இருக்கிறார்கள். தகப்பன்மாரை வரவழைப்பதற்காக ஒரு பாடசாலை 'அப்பாமார் ஓட்டம்' என்று ஒன்றை வைத்தால், இந்தப் பிள்ளைகள் எங்கே நிற்பார்கள்? 'எனது தந்தை' என்று பத்து வரி எழுதச் சொன்னால் எதை எழுதுவார்கள்? ஆசிரியர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பாடப்புத்தகத்தில் உள்ளதைச் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை அன்று வயிற்றுவலி என்று வீட்டில் நிற்கிறது.

அமெரிக்காவில் ஆர்கன்சோ மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்ற ஊரில் 1998இல் ஒரு தகப்பன் தொடங்கிய திட்டம் பின்னர் அந்த நாடு முழுவதும் பரவியது. அதே மாநிலத்தில் அந்த வருடம் ஒரு பாடசாலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பிள்ளைகள் கொல்லப்பட்டதுதான் அவரை யோசிக்க வைத்தது. வருடத்தில் ஒரு நாளாவது ஓர் ஆண் வேலைக்கு லீவு போட்டுப் பாடசாலைக்கு வருவார். காலையில் கேற்றடியில் பிள்ளைகளை வரவேற்பார், மெல்லக் கற்கும் பிள்ளையோடு இருந்து வாசிப்பார், இடைவேளையில் விளையாடுவார். 'வாட்ச் டோக்ஸ்', அதாவது காவல் நாய்கள் என்று தங்களுக்கே வேடிக்கையாகப் பெயர் வைத்துக்கொண்டார்கள். இதில் எங்களுக்கு வேண்டிய விடயம் வேறு. தகப்பன்மார் மட்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. தாத்தா, மாமா, சித்தப்பா, தகப்பனின் இடத்தில் நிற்கும் எந்த ஆணும் வரலாம் என்று ஆரம்பத்திலிருந்தே கதவைத் திறந்து வைத்தார்கள்.

மட்டக்களப்பில் இது எங்களுக்குப் புதிதா? இங்கே குடி தாய்வழியில் வருகிறது. வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தவர் மனைவி வீட்டுக்கு வருகிறார். பிள்ளையின் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர் தாய்மாமன். காது குத்துக்கு வருகின்ற மாமா, கலியாணத்துக்கு வருகின்ற மாமா, முன்னேற்ற அறிக்கை நாளுக்கும் வந்தால் என்ன? அம்மப்பா வரட்டும், பெரியப்பா வரட்டும். பாடசாலை அனுப்பும் துண்டில் 'தந்தை' என்று மட்டும் இல்லாமல் 'வீட்டிலிருந்து ஒருவர்' என்று எழுதினால் போதும். பத்து வரிக்கும் 'என்னில் அன்புள்ள ஒருவர்' என்று தலைப்பு வைக்கலாம். இறந்துபோன அப்பாவைப் பற்றியே எழுத விரும்பும் பிள்ளையும் எழுதட்டும். ஓட்டத்துக்கு ஆண் எவருமே இல்லையென்றால் தாய் ஓடட்டும். யுத்த காலத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவளுக்கு நூறு மீற்றர் ஒரு தூரமல்ல.

வேறு ஒரு விதமான வீடும் உண்டு. குடித்துவிட்டு அடிக்கிறவரின் வீடு. குறைந்த புள்ளியைக் கண்டால் பிள்ளையின் முதுகில் பிரம்பு முறியும் வீடு. அங்கே தகப்பனைப் பாடசாலைக்கு இழுத்துவர வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அடிக்குப் பயந்து அறிக்கையை மறைக்கும் பிள்ளையைப் பற்றி முதலில் வகுப்பாசிரியையிடம் தனியாகக் கதையுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். அவரிடமும் சொல்லலாம்.

பக்கத்தில் இருக்கும் ஓட்டமாவடியிலும் மீராவோடையிலும் உள்ள சகோதரிகளிடம் கேட்டால், அங்கேயும் கதிரைகளில் உம்மாமார்தான், வாப்பாமார் கடையிலும் வயலிலும் என்பார்கள். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே மைதானத்தில் ஓடும் போட்டிகளும் உண்டு. அங்கே சேர்ந்து கோடு இழுக்க இரண்டு பக்கத்துத் தகப்பன்மாரும் வந்தால் நல்லதுதான். அது தனியே எழுத வேண்டிய விடயம்.

எங்கே தொடங்குவது என்று யோசிப்பவர்களுக்கு வீட்டிலேயே ஒரு சின்ன வேலை இருக்கிறது. புதிய தவணைக்குக் கொப்பிகள் வாங்கியதும் உறை போடும் வேலையை இந்த முறை அவரிடம் கொடுங்கள். அவர் இல்லாத வீட்டில் மாமாவிடமோ அம்மப்பாவிடமோ கொடுங்கள். தாளும் கத்தரிக்கோலும் வைத்துவிட்டு, பிள்ளையையும் பக்கத்தில் இருத்திவிட்டு, நீங்கள் குசினிக்குள் போய்விடுங்கள். மடிப்புக் கோணலாக வந்தால் திருத்தப் போக வேண்டாம். பெயர், வகுப்பு, பாடம் எழுதும் இடத்தைப் பிள்ளை நிரப்பும்.